பேச்சி கடைக்கு நான் கொண்டுபோன பிளாப்பி

கைப்பைக்குள் கணினியில் போடும் பிளாப்பி ஒன்று இருந்தது. அதை வெளியே எடுக்காமல், பைக்குள்ளேயே கையை விட்டு அதன் தகரத் தகட்டை விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். டக், டக் என்று சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

சித்திரை வெயில். பேச்சியம்மாள் கடை வாசலில் ஒண்ட நிழல் கிடையாது. பக்கத்துச் சந்தில் கடலைமிட்டாய் போடுகிற இடத்திலிருந்து வெல்லப்பாகு காயும் வாசம் தெரு முழுக்க அடித்தது. அந்த வாசம் சாதாரணமாக எனக்கு நாக்கில் நீர் ஊறவைக்கும். அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

பேச்சி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நாற்காலியில் படிந்திருந்த தூசியைத் துப்பட்டாவால் தட்டிவிட்டு, "வாட்டி விசயா. இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றாள்.

அவள் கடை திறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கோவில்பட்டியில் என் கம்ப்யூட்டர் சென்டருக்கும் அவள் கடைக்கும் நடுவே மூன்று தெருதான். அன்றுதான் முதல்முறையாக அங்கே போகிறேன்.

என் பிரிண்டர் மக்கர் செய்கிறது, அவசரமாக ஒரு கல்யாண அழைப்பிதழ் எடுக்க வேண்டும், ஒரு பிரதி எடுத்துத் தருகிறாயா என்று கேட்டேன். என் பிரிண்டர் அந்த நிமிஷம் கடையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பிளாப்பியில் அழைப்பிதழோடு ஒரு வைரசும் இருந்தது. தெரிந்தேதான் கொண்டுபோயிருந்தேன்.

அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். முன்கதையைச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை மோசமானவள் என்று மட்டும் நினைப்பீர்கள். மோசமானவள்தான். ஆனால் அது ஒரே நாளில் வந்ததில்லை.

கிடைக்காரர் மகள்

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம். வானம் பார்த்த பூமி. மிளகாய், பருத்தி, கொஞ்சம் கம்பு. பேச்சியின் ஊர் புதூருக்கும் அப்பால். அவளுடைய அப்பா ஆடு வளர்ப்பவர். அறுப்பு முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு எங்கள் புஞ்சைக்குக் கிடை போட வருவார். கிடை என்றால் வேறொன்றுமில்லை, ஆடுகளை வயலில் அடைத்துவைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். கூலியாக என் அப்பா தானியம் அளந்து கொடுப்பார். அந்த மந்தையோடு ஒரு சின்னப் பெண்ணும் வந்து எங்கள் கிணற்றடியில் நின்றுகொண்டிருக்கும். அதுதான் பேச்சி.

பல வருஷம் கழித்துக் கோவில்பட்டியில் கணினி டிப்ளமோ படிக்கப் போனால், என் பெஞ்சில் பக்கத்தில் அவள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மதியச் சோற்றில் பாதி கொடுப்பேன். என் பழைய சுடிதார் ஒன்றைக் கொடுத்தேன். அதை அவள் போட்டுக்கொண்டு வந்த அன்று எனக்கு உண்டான நிறைவை, என் நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை முடிவு வந்தது. அவள் முதல், நான் இரண்டாவது. அன்று பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் நான் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். படியோரம் காற்றுக்காக நின்றதாக அவளிடம் சொன்னேன்.

பிறகு ஒரு வருஷம் மிளகாய் நல்ல விலைக்குப் போனது. அப்பா எனக்கு மாடியில் ஓர் அறை பிடித்து, மூன்று புது மெஷின் வாங்கிப் போட்டு, கண்ணாடிக் கதவும் பெயர்ப்பலகையும் வைத்துக் கொடுத்தார். நான் சித்தி வீட்டில் தங்கிக் கடையை நடத்தினேன். பேச்சி ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனாள். அதோடு கணக்குத் தீர்ந்தது, எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த ஆலையில் பழைய கணினிகளைக் கழித்துப் போட்டார்கள். அதில் ஐந்தைக் கேட்டு வாங்கி வந்து, ஓட்டு வீடு ஒன்றின் முன்னறையில் வைத்து, கடை என்று பேர் போட்டாள் பேச்சி.

கேள்விப்பட்டதும் சிரித்தேன். அந்தப் பழைய மெஷின்களில் புது விண்டோஸ் ஏறவே ஏறாது, மூச்சு முட்டி நின்றுவிடும். அவள் விண்டோஸ் போடவில்லை. ஏதோ ஒரு பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போட்டிருந்தாள். கணினியைப் போட்டதும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிற மென்பொருள்தான் இரண்டும். ஒன்று கம்பெனி விற்பது. மற்றது ஊர் உலகத்தில் உள்ளவர்கள் கூடிச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்தது.

கடைத்தெருவில் பார்த்தபோது, ஓசிச் சிடியை நம்பிக் கடை போட்டிருக்கிறாயே என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "ஒன் சிடி மட்டும் காசு குடுத்ததாக்கும்?" என்றாள்.

என்னிடம் இருந்தது, மேலே பால்பாயிண்ட் பேனாவால் எண் எழுதிய, திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்த சிடி. மதுரையிலிருந்து ஒருவர் பொட்டலத்தில் சுற்றிக் கொண்டுவந்து தந்தது. பஸ்ஸைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

வாசகர் கேட்ட காரணங்கள்

சில வாரங்களுக்கு முன்பு இதே பத்திரிகையில், என் வீட்டில் இன்றைக்கும் லினக்ஸ்தான் ஓடுகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அன்றாட உபயோகத்துக்கு அதை ஏன் எடுக்க வேண்டும், காரணங்களை வரிசையாக எழுதுங்கள் என்று.

வரிசையாக எழுத எனக்கு வராது. ஒவ்வொரு காரணமும் ஒவ்வொரு நாள் யாரோ ஒரு வாடிக்கையாளர் வாய்வழியாக என் காதில் வந்து விழுந்தது. விழுந்த ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது.

முதலில் மின்சாரம். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போய்த் திரும்பி வந்தால் என் மெஷின்கள் ஒவ்வொன்றும் நீலத் திரையைக் காட்டி, வட்டைச் சோதிக்கிறேன் என்று அரைமணி நேரம் உட்கார்ந்துவிடும். ஒருநாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் காத்திருந்து சலித்துப்போய், "பேச்சி கடையில கரண்டு வந்ததும் அதுபாட்டுக்கு எந்திரிச்சிருதும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாளிலிருந்து அவர் வரவே இல்லை.

அடுத்தது வைரஸ். பாலிடெக்னிக் மாணவர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு பிளாப்பியிலும் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டுவிட்டுப் போவார். அதே மாணவர்கள் அதே பிளாப்பியோடு பேச்சி கடைக்கும் போனார்கள். அங்கே ஒன்றும் ஆகவில்லை. விண்டோசுக்கென்று எழுதிய வைரசுக்கு லினக்ஸ் அந்நிய ஊர். பாஷை தெரியாமல் பேசாமல் கிடக்கும்.

அப்புறம் பயம். திருட்டு மென்பொருள் வைத்திருக்கிறவர்களைச் சோதனை போடுகிறார்கள் என்று மாதத்துக்கு ஒரு வதந்தி வரும். வந்தால் நான் சிடிகளைச் சித்தி வீட்டு அரிசிப்பானைக்குள் புதைத்துவிட்டு வருவேன். பேச்சியோ கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் லினக்ஸ் சிடியைப் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குடுக்கலாம், குடுக்கணும் என்றே அதில் எழுதியிருக்கிறதாம்.

நடுநிலையாகவும் சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழும் தீப்பெட்டி லேபிளும் வடிவமைக்கிற மென்பொருள் எதுவும் அவள் மெஷினில் ஓடாது. அந்த வேலையெல்லாம் என்னிடம்தான் வரும். ஒருமுறை அவள் புதிதாக வாங்கிய பிரிண்டர் லினக்சோடு பேச மாட்டேன் என்று அடம்பிடித்து இரண்டு மாதம் மூலையில் கிடந்தது. அந்த இரண்டு மாதமும் நான் நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். கடைசியில் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிற, முகமறியாத ஒருவர் கடிதம் எழுதி வழி சொல்ல, பிரிண்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்கு அப்படி யாரும் கடிதம் எழுதியதில்லை.

அப்பாவின் பெயர்

இவ்வளவையும்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். தாங்க முடியாத ஒன்று நடந்தது.

அப்பா ஐந்தாவது வரை படித்தவர். தமிழ்ப் பேப்பரை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார். இங்கிலீஷ் தெரியாது. தான் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. கடைக்கு வந்தால் ஓரமாக உட்கார்ந்து, துண்டால் விசிறிக்கொண்டு, நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "எதையாவது அமுக்கி நான் கெடுத்துரக் கூடாது பாரு" என்பார்.

பருத்தி விலை விசாரிக்க வந்த ஒருநாள், வழியில் பேச்சி அவரைப் பார்த்து, உள்ளே வந்து தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள். போயிருக்கிறார். திரையில் தமிழ். கோப்பு, திருத்து, அச்சிடு, சேமி என்று மேலே வரிசையாக எழுதியிருக்கிறது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற தமிழர்கள் ஒரு மின்னஞ்சல் குழுமமாகச் சேர்ந்து, சம்பளமில்லாமல் லினக்சைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியும் அதில் ஒருத்தி. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா என் கடைப் படியேறி வந்தபோது மூச்சு வாங்கியது. உட்காரக்கூட இல்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். அதில் அவர் பெயர், கொட்டை எழுத்தில். அவருடைய அப்பா பெயர், எங்கள் ஊர்ப் பெயர்.

"நானே அடிச்சேன் விசயா," என்றார். "அந்தப் பிள்ளை கையக் கூடத் தொடல. சும்மா பக்கத்துல நின்னா. எழுதியிருக்கத வாசிச்சேன், அமுக்கினேன், வந்துட்டு."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். 'ழ'வுக்குப் பதில் 'ல' விழுந்திருக்கிறது என்றேன். அவர் முகம் சற்றே சுருங்கியது. தாளைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டார். அதன்பிறகு என்னிடம் அதைக் காட்டவில்லை. ஊருக்குப் போய் ஊர் பூராவும் காட்டினார் என்று அம்மா சொன்னாள்.

மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்டது அவள் கடையில். அவருக்கு இப்படி ஒரு ஆசை இருந்தது என்பதைக்கூட நான் அறிந்திருக்கவில்லை. கிடைக்காரர் மகளுக்கு அரைமணி நேரத்தில் தெரிந்திருக்கிறது.

என் மேசை டிராயரில், சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்ட ஒரு பிளாப்பி கிடந்தது. ஒரு மாணவனிடமிருந்து வந்த வைரஸ், மெஷினையே எழும்பவிடாமல் செய்துவிடும் என்று மெக்கானிக் எச்சரித்து எடுத்துவைத்தது. தூக்கிப் போட மறந்திருந்தேன். அந்த வாரம் அதை எடுத்து, குறியிட்ட தாளைச் சுரண்டிவிட்டு, ஓர் அழைப்பிதழை அவள் மெஷினிலும் திறக்கும்படி படமாக்கி அதில் பதிந்தேன். மெஷினையே படுக்கவைக்கிற வைரஸ் லினக்சையும் விடாது, நான் திறக்காதவரை என் மெஷினை ஒன்றும் செய்யாது என்று நம்பினேன்.

ஒன்றும் நடக்கவில்லை

பேச்சி பிளாப்பியை மெஷினில் செருகினாள். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன.

"இது அழைப்பிதழ். இன்னொண்ணு என்னட்டி?"

தெரியவில்லை, திறந்து பார் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

திறந்தாள். திரை அணைந்துவிடும், ஐந்து மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிடும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கோப்பை எதைக் கொண்டு திறக்க வேண்டும் என்று திரை நல்ல தமிழில் மரியாதையாகக் கேட்டது. அவ்வளவுதான்.

பேச்சி குனிந்து அந்தப் பெயரை மறுபடி வாசித்தாள். முகம் மாறியது. கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்துக் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

"ஏட்டி, இது வைரசு. ஒன் மெஷின்ல இருந்துதான் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். எல்லா மெஷினையும் பாத்தியா நீ? சாயந்தரம் நான் வேணா வந்து பாக்கட்டா?"

வேண்டாம், மெக்கானிக் வருவார் என்றேன். அவள் வைரசை அழித்தாள், அழைப்பிதழை அச்செடுத்தாள், மூலையில் இருந்த பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு அவமானமாக இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. இதுகூட அவளை ஒன்றும் செய்யவில்லையே என்ற எரிச்சல்.

சங்கத்துப் பட்டியல்

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. எங்கள் ஊரும் சுற்றுவட்டத்து ஊர்களும் சேர்ந்த விவசாயிகள் சங்கம் வறட்சி நிவாரணத்துக்கு மனுக் கொடுப்பதாக முடிவு செய்திருந்தது. ஒவ்வொரு விவசாயியின் பெயர், சர்வே எண், என்ன விதைத்தார், எவ்வளவு கருகியது என்று நீளமான பட்டியல். யார் யாரோ எழுதிய தாள்களை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக நான்தான் அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அடித்து முடித்த தாள்களைக் கிழித்தும் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை கடைசி நாள். சனிக்கிழமை காலை அப்பாவும் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேரும் அச்சுப் பிரதி வாங்க வந்தார்கள். மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரு வரி இங்கிலீஷ் வந்து நின்றது. அடுத்த மெஷினைப் போட்டேன். அதிலும் அதே வரி. மூன்றாவதிலும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பேச்சிக்காக அழைப்பிதழைப் பதிவதற்கு அந்தப் பிளாப்பியை நான் என் மெஷினில்தானே போட்டேன். மூன்று மெஷினும் ஒயரால் இணைந்தவை. பத்து நாள் உள்ளே பதுங்கியிருந்துவிட்டு அன்றைக்கு எழுந்திருக்கிறது.

மதுரைக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட வேண்டியதுதான், உள்ளே இருப்பது போய்விடும் என்றார் மெக்கானிக். போனை வைத்தேன். சங்கத்துக்காரர்கள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தக் கிடைக்காரர் மக இருக்காள்லா. அவளக் கூப்பிட்டா என்ன?"

அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். திரும்பி வரும்போது பேச்சி முன்னால் வந்தாள். கையில் ஒரே ஒரு சிடி.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சிடியை என் மெஷினில் போட்டு, அதிலிருந்தே லினக்சை எழுப்பினாள். உள்ளே கெட்டுப் போனதைத் தொடாமல், வெளியிலிருந்து வந்து ஜன்னல் வழியாக வீட்டைப் பார்ப்பது போலத்தான் அது என்று அப்பாவுக்கு விளக்கினாள். என் கோப்புகள் ஒன்றொன்றாகத் திரையில் வந்தன. பட்டியல் முழுசாக இருந்தது. பிளாப்பிகளில் பிரித்து எடுத்து, நான் பயன்படுத்திய தமிழ் எழுத்துருவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, தன் கடைக்குப் போய் அச்சடிக்க ஆரம்பித்தாள்.

பொழுது சாயும்வரை அவளுடைய பிரிண்டர் கிர்ர், கிர்ர் என்று கத்திக்கொண்டிருந்தது. அப்பா தாளின் நுனியைப் பிடித்துக்கொண்டு, வந்து விழும் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தார். எனக்கு அங்கே செய்வதற்கு எந்த வேலையும் இல்லை. வாசலில் நின்றேன். பட்டியல் பிழைத்ததில் நிம்மதிதான். ஆனால் அப்பா அவளைப் பார்த்த பார்வை, அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கிளம்பும்போது சங்கத்துக்காரர் ஒருவர், எப்படி இந்த வைரசு உள்ளே வந்தது என்று கேட்டார். பேச்சி முந்திக்கொண்டாள். "விசயா மேல தப்பில்ல அய்யா. யாராவது கொண்டாந்த பிளாப்பியில வந்திருக்கும்."

மூன்றாம் நாள்

பட்டியல் திங்கட்கிழமை தாலுகா அலுவலகம் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை நான் பேச்சி கடைக்குப் போனேன். அவள் அன்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தோடு என்னால் இருக்க முடியவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை சொல்லாமலே இருந்திருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சுரண்டிய தாளைக்கூட விடவில்லை.

அவள் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"நான் விண்டோஸ் போட்டிருந்தா எனக்கு அஞ்சு மெஷினும் போயிருக்கும்லா?"

ஆமாம் என்றேன்.

"அதுக்குத்தான் கொண்டாந்த?"

ஆமாம்.

"நான் ஒன் மெஷினுக்குத்தாம்ட்டி பயந்தேன்," என்றாள். பிறகு திரைப்பக்கம் திரும்பி வேலையைத் தொடர்ந்தாள். நான் எழுந்து வந்தேன்.

அதோடு பேச்சு நின்றது. கடைத்தெருவில் எதிரே வந்தால் அவள் வளையல் கடைக்குள் நுழைந்துவிடுவாள். ஆனால் நான் செய்ததை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட. என்னால் அப்படி இருந்திருக்க முடியாது. அதற்கும் சேர்த்து அவள்மேல் பொறாமைப்பட்டேன்.

மூன்று தெரு தூரம்

பட்டியலை மீட்ட அன்று அவள் சிடியை என் மெஷினிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றில் ஒரு மெஷினில் அதைப் போட்டேன். நல்ல மென்பொருள் என்பதற்காக இல்லை. அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம். கடிதம் போட்ட வாசகர் மன்னிக்க வேண்டும்.

முதல் மாதம் அழுகை வந்தது. சத்தம் வராது, திரையில் தமிழ் எழுத்து தெரியாது, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகும். கேட்பதற்கு ஊரில் ஒரே ஒருத்திதான் உண்டு. அவளிடம் போக முடியாது. வேறு வழியில்லாமல் அந்த மின்னஞ்சல் குழுமத்தில் சேர்ந்து, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று எழுதிப் போட்டேன். கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ யாராவது பதில் போடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் பதில் வந்திருந்தது.

"மதிப்பிற்குரிய விஜயா அவர்களுக்கு, தாங்கள் குறிப்பிட்ட சிக்கலுக்குக் கீழ்க்கண்ட வரியை இட்டுப் பார்க்கவும். அன்புடன், பேச்சியம்மாள்."

இட்டுப் பார்த்தேன். எழுத்து வந்துவிட்டது. "தங்கள் உதவிக்கு மிக்க நன்றி" என்று பதில் போட்டேன். தெருவில் முகம் திருப்பிக்கொள்கிற இரண்டு பேர், உலகத்தையே சுற்றிவரும் கடிதங்களில் தாங்கள், தங்கள் என்று ஏறக்குறைய ஒரு வருஷம் பேசிக்கொண்டோம். நான் கேள்வி கேட்பேன், அவள் விடை எழுதுவாள். போகப்போக என் கேள்விகள் குறைந்தன. நானும் சொற்களைப் பெயர்க்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் குழுமத்தில் ஒரு சொல்லுக்கு வழக்கு வந்தது. லினக்சில் அப்போது சிடியைச் செருகினால் மட்டும் போதாது. இதைச் சேர்த்துக்கொள் என்று மெஷினிடம் சொல்ல வேண்டும். வெளியே எடுப்பதற்கு முன் விட்டுவிடு என்றும் சொல்ல வேண்டும். மவுண்ட், அன்மவுண்ட் என்பார்கள். இதற்குத் தமிழ் என்ன? பேச்சி, பொருத்து, கழற்று என்று எழுதினாள். ஆறேழு பேர் சரி என்றார்கள்.

எனக்கு மிளகாய் வத்தல் மூட்டைகளை லாரியில் அடுக்குவதுதான் ஞாபகம் வந்தது. ஏற்று, இறக்கு என்று எழுதிப் போட்டேன். இரண்டு வாரம் விவாதம் நடந்தது. கொழும்புக்காரர் என் பக்கம் வந்தார், கனடாக்காரர் வந்தார். கடைசியில் என் சொற்களே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பேச்சியிடமிருந்து ஒரே வரி வந்தது. "எனக்கு மறுப்பில்லை."

அடுத்த நாள் முற்பகலில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பேச்சி என் கடைக்குள் வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கன்னம் உப்பியிருந்தது. கண் சரியாகத் தூங்காதவள் கண்போலச் சிவந்திருந்தது.

"கழற்றுல என்னட்டி கொறையக் கண்டீய எல்லாரும்?"

எழுந்து ஃபேனைப் போட்டேன்.

"நாலு நாளு யோசிச்சேன் அதுக்கு. மூட்டைய ஏத்துததையும் இறக்குததையும் நானும் சின்னப்பிள்ளையில இருந்து பாத்துக்கிட்டுத்தான வாரேன். எனக்கு ஏம்ட்டி அது தோணாமப் போச்சு?"

நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் அதை முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். அடுத்து எந்தச் சொல்லை எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன்," என்றாள் பேச்சி. "நீ முந்திக்கிடுவ."